மென்பொருள் வாங்குமுன் நர்ஸைக் கேளுங்கள்

சூ கின்னிக், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் டொபீகா நகரிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நர்ஸ். 1992இல் ஒருநாள் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கம்பெனி ஊழியர் கையடக்கக் கருவியைக் காரின் பார்கோடில் காட்டினார், கணக்கு முடிந்தது. காருக்கே இவ்வளவு கவனம் என்றால் நோயாளிக்குக் கொடுக்கும் மாத்திரைக்கு ஏன் கூடாது என்று யோசித்தார் அந்த அம்மா. நோயாளியின் கைப்பட்டையில் ஒரு ‘பீப்’, மருந்து உறையில் ஒரு ‘பீப்’. ஆள் மாறினாலும் மருந்து மாறினாலும் திரை எச்சரிக்கும். முதலில் டொபீகாவில் செய்து பார்த்தார்கள். 2000 வாக்கில் முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைகள் முழுக்கப் பரவிவிட்டது. பின்னர் பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் இதே முறையை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள்: நேரம் தவறியதைக் கணக்கில் சேர்க்காமல், மருந்து கொடுப்பதில் நேரும் மற்ற தவறுகள் 41 சதவீதம் குறைந்திருந்தன.

அதே 1992இல்தான் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் நர்சிங் இன்ஃபர்மேடிக்ஸைத் தனித்துறையாக ஏற்றுக்கொண்டது. வார்டு வேலையும் கணினியும் ஒருசேரத் தெரிந்தவர்களின் துறை இது. எந்த விவரத்தை யார் எப்போது பதிய வேண்டும், எந்த எச்சரிக்கை ஒலித்து ஒலித்து யாரும் சட்டை செய்யாததாகிவிட்டது என்றெல்லாம் பார்ப்பது இவர்கள் வேலை.

கருவியை வாங்கி வைத்தால் போதாதா? போதாது. இந்த பார்கோடு முறையை வார்டில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகளில் ஆராய்ந்தார்கள்; முடிவு 2008இல் வெளிவந்தது. நர்ஸ்கள் 15 விதமான குறுக்குவழி கண்டுபிடித்திருந்தார்கள். நோயாளிகளின் பார்கோடுகளைக் கூடுதலாக அச்சடித்து கணினி வண்டியில், கதவு நிலையில், தங்கள் இடுப்பு வளையத்தில்கூட மாட்டியிருந்தார்கள். சோம்பேறித்தனம் என்று தோன்றும். காரணங்களைக் கேளுங்கள்: நோயாளி கடித்து மென்றுவிட்ட கைப்பட்டை, நனைந்து ஊறிய பட்டை, வைஃபை எட்டாத இடம், சார்ஜ் இறங்கிய கருவி, பார்கோடே இல்லாத மருந்து. நிர்வாகியிடம் போனால் இதற்கு மெமோ வரும். இன்ஃபர்மேடிக்ஸ் நர்ஸ் முதலில் பட்டையைத்தான் மாற்றச் சொல்வார்.

நம் ஊருக்கு வருவோம். இந்திய நர்சிங் கவுன்சில் திருத்தியமைத்த பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் நர்சிங் இன்ஃபர்மேடிக்ஸ் ஒரு பாடமாகவே வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் படித்து வரும் பிள்ளைக்கு அந்தப் பெயரில் வேலை எங்கே இருக்கிறது? நான் பார்த்த மருத்துவமனைகளில் புதிய மென்பொருள் வந்தால், செல்போனை வேகமாகத் தட்டத் தெரிந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸைப் பிடிப்பார்கள். “சிஸ்டர், நீங்களே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துடுங்க.” டூட்டியும் குறையாது, சம்பளமும் கூடாது.

இரவு டூட்டி நர்ஸின் உள்ளங்கையை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? பேனாவில் கிறுக்கியிருக்கும்: 12ஆம் பெட், காய்ச்சல் 101, 14ஆம் பெட், பிரஷர் 150/90. கணினி இருப்பது வார்டின் அந்தக் கோடியில். நோயாளிகளை விட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் அங்கே ஓட முடியுமா? விடிந்ததும் மொத்தமாக உட்கார்ந்து ஏற்றுவார். பத்து பேருக்கும் காலை ஆறு நாற்பதுக்கே காய்ச்சல் பார்த்ததாகப் பதிவாகியிருக்கும். அதை நம்பித்தான் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். இதற்குப் பெயர் டிஜிட்டல் மருத்துவமனை!

கிராம சுகாதார செவிலியர்களின் கதை இன்னும் மோசம். கர்ப்பிணியின் விவரத்தைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும், தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி இணையதளத்திலும் ஏற்ற வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் மனக்குறை. பிறப்புப் பதிவுக்கும் அங்கே கிடைக்கும் பதிவு எண் வேண்டும் என்பதால் தள்ளிப்போடவும் வழியில்லை. கணினி வந்தால் எழுத்து வேலை குறையும் என்றார்கள், இரட்டித்தது. வடிவமைக்கும் அறையில் ஒரு செவிலியரை உட்கார வைத்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

மருத்துவமனை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மென்பொருள் கம்பெனிக்காரர் டெமோ காட்ட வந்தால் ஏ.சி. ஹாலில் உட்கார வைக்காதீர்கள். இரவு எட்டு மணி மருந்து ரவுண்டுக்கு வார்டுக்கு அழைத்துப்போய், கருவியை ஒரு நர்ஸின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். “சார், இது வேண்டாம்” என்று அவர் சொன்னால் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.