பெரிய டேங்க் வாடகைக்கு எடுக்கலாமா?

நம்ம செம்பூர், மாட்டுங்கா பிள்ளைகளுக்கு இப்போ கோவா அலுத்துவிட்டது. மால்வனில் ஸ்கூபா கோர்ஸ் முடித்து கார்டு வாங்கியாச்சு, அடுத்து மட்டக்களப்பு போய் மூழ்கின கப்பலைப் பார்க்கணுமாம். போகட்டும், நல்ல விஷயம்தான். என் நண்பர்கள் வீட்டுப் பையன்கள் சிலர் சேர்ந்து போட்ட பட்ஜெட்டை, பேங்க்காரன் என்பதால் என்னிடம் காட்டினார்கள். அதில் ஒரு வரியை அடித்திருந்தார்கள்: "15 லிட்டர் டேங்க், கூடுதல் வாடகை". ஏண்டா என்றால், "அங்கிள், சிலிண்டர் சிலிண்டர்தானே, எதுக்கு தண்டச் செலவு?" என்கிறான் ஒருவன். இன்னொருவன் நேர் எதிர். பெரிய டேங்க் எடுத்தால் அரை மணி நேரம் கூட உள்ளே இருக்கலாமாம்.

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சம்மதமில்லை. நான் பி.காம்தான், ஆனால் இதற்குக் கூட்டல் பெருக்கல் போதும்.

முதலில் கப்பல்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் ஒரே நாளில் பல கப்பல்களை மூழ்கடித்தன. பெரியது ஹெர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்ட ஆரம்பித்த உலகின் முதல் கப்பல் அதுதான். அதில் 307 பேர் இறந்தார்கள். இப்போது சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் மட்டக்களப்புக்கு வடக்கே சுமார் 24 மீட்டரில் இருக்கிறது.

பொழுதுபோக்கு டைவிங்குக்கு உச்ச வரம்பு 40 மீட்டர். அதனால் ஹெர்மிஸை விட்டுவிடுங்கள். அதற்குத் தனிப் பயிற்சி, இரட்டை சிலிண்டர், வேறு வாயுக் கலவை என்று எல்லாமே வேறு. பெரிய டேங்க் ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடமில்லை. பையன்களுக்குப் பேர் பெத்த கப்பல்தான் வேணும், அது எனக்கும் புரிகிறது. ஆனால் 24 மீட்டரில் இருப்பதும் அதே நாளில் அதே குண்டுகளில் மூழ்கியதுதான்.

இப்போ கணக்கு. 2021-ல் ஆக்சிஜனுக்கு அலைந்தவர்களுக்கு இது மறந்திருக்காது. 10 லிட்டர் பி டைப் சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1500 லிட்டர் வாயு, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் போனால் இத்தனை மணி நேரம் வரும் என்று தாராவியில் கைவண்டி தள்ளுகிறவர்கூட அப்போது மனக்கணக்கு போட்டார். ஸ்கூபா டேங்கும் அப்படித்தான். எங்கும் வாடகைக்குக் கிடைக்கிற சாதா அலுமினிய டேங்க் 11.1 லிட்டர் கொள்ளளவு. 200 பாருக்கு நிரப்பினால் சுமார் 2220 லிட்டர் காற்று. 15 லிட்டர் ஸ்டீல் டேங்க் என்றால் 3000 லிட்டர்.

வீட்டு சிலிண்டருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கீழே போகப் போகச் செலவு ஏறும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவன் 25 மீட்டரில் 70 லிட்டர் இழுப்பான். "கடைசி 50 பாரைத் தொடாதே" என்று எல்லாருக்கும் சொல்லித் தருகிறார்கள் இல்லையா, மினிமம் பேலன்ஸ் மாதிரி. அப்படிப் பார்த்தால் சின்ன டேங்கில் 24 நிமிடம், பெரியதில் 32 நிமிடம்.

அந்த 8 நிமிடத்துக்காகத்தான் பெரிய டேங்க் என்று நினைப்பவர்கள் இன்னொரு லிமிட்டை மறந்துவிடுகிறார்கள். அது நைட்ரஜன். பரவலாகப் பயன்படும் பாடி அட்டவணைப்படி, சாதாரணக் காற்றோடு 25 மீட்டரில் 29 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம். அதைத் தாண்டினால் நேராக மேலே வர முடியாது, வழியில் நின்று நின்றுதான் வரணும். 24 மீட்டர் கப்பலுக்கு 25 மீட்டர் வரிசையைத்தான் பார்க்கணும். ஆக காற்று 32 நிமிடத்துக்கு இருந்தாலும் சாங்ஷன் ஆனது 29-தான். 30 மீட்டருக்குப் போனால் இன்னும் வேடிக்கை. சின்ன டேங்கே 20 நிமிடத்தைத் தொட்டுவிடும், பெரியது 28 வரை இழுக்கும். சின்ன டேங்கில் காற்று தீர்ந்து மேலே வந்துவிடுவான், பெரிய டேங்கில் ஓவர்டிராப்ட் போய்விடுவான். கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஆழம் மாறுவதைக் கணக்கில் எடுத்துக் கொஞ்சம் கூடுதல் நேரம் தரலாம், அதற்காக லிமிட்டே இல்லை என்று ஆகாது.

அப்போ பெரிய டேங்க் தண்டச் செலவுதானா? இல்லை. கூட வருகிறவனுக்காகத்தான் அது வேணும் என்கிறேன்.

25 மீட்டரில் பக்கத்தில் இருப்பவனுக்குக் காற்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே டேங்கில் மேலே வரணும். பயத்தில் ஆளுக்கு 30 லிட்டராவது இழுப்பார்கள். கீழே நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம், 210 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டருக்கு ஏற சுமார் 330. அங்கே 3 நிமிடம் நிற்க 270. மீதி ஏற்றத்துக்கு 40. மொத்தம் 850 லிட்டர். சின்ன டேங்கில் இது 77 பார், பெரியதில் 57 பார். அதாவது 50 பார் மிச்சம் வைத்தால் போதும் என்பது இந்த ஆழத்தில், சின்ன டேங்கில், இரண்டு பேருக்குப் பத்தவே பத்தாது!

சின்ன டேங்கில் 80 பாரில் கிளம்புவது என்று வைத்தால் கீழே கிடைப்பது 19 நிமிடம்தான். பெரியதில் 60 பாரில் கிளம்பினால் 30 நிமிடம், கிட்டத்தட்ட நைட்ரஜன் லிமிட்டே வந்துவிடுகிறது. ஆகவே கூடுதல் வாடகை கொடுங்கள், ஆனால் திட்டத்தில் ஒரு நிமிடம்கூட ஏற்றாதீர்கள். 20 நிமிடம் என்று போட்டால் 20 நிமிடம்தான். மிச்சமிருப்பது பக்கத்தில் நீந்துகிறவனுடைய பங்கு. இது கப்பலை வெளியிலிருந்து சுற்றிப் பார்க்கிறவர்களுக்கான கணக்கு. தலைக்கு மேல் கூரை இருக்கிற இடத்துக்குள் நுழைவதென்றால் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. அதற்கும் தனிப் பயிற்சி வேணும்.

எல்லாருக்கும் பெரியது வேணுமா? வேணாம். மாட்டுங்கா நெய் தோசையில் வளர்ந்த 90 கிலோ அண்ணன் ஒரு பக்கம், அமைதியாக மூச்சு விடுகிற தங்கச்சி ஒரு பக்கம் என்றால் அண்ணனுக்குத்தான் பெரிய டேங்க். முதலில் காற்று குறைகிறவனோடு இரண்டு பேரும் மேலே வரணும், அதுதான் விதி. சின்ன உடம்புக்காரர்களுக்கு 15 லிட்டர் ஸ்டீல் டேங்கைப் படகில் தூக்கி மாட்டுவதே பெரிய பாடு.

எடையையும் மாற்றணும். காலியாகிற அலுமினிய டேங்க் மிதக்கப் பார்க்கும், அதற்காக இடுப்பில் ஈயம் கூடுதலாகக் கட்டுவோம். ஸ்டீல் மிதக்காது, ஆகவே ஈயத்தைக் குறைக்கணும். மால்வனில் கட்டின அதே ஈயத்தோடு ஸ்டீல் டேங்கில் இறங்குவது வம்பு. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டுப் போகணும்.

விமானத்தில் காற்று நிரப்பின சிலிண்டரை ஏற்ற மாட்டார்கள், எனவே எப்படியும் அங்கே வாடகைதான். ஊரிலிருந்தே கேட்டுவிடுங்கள்: 15 லிட்டர் இருக்கிறதா, எத்தனை இருக்கிறது, உங்கள் ரெகுலேட்டர் அந்த வால்வில் பொருந்துமா. கையில் வாங்கினதும் கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும் தேதியைப் பாருங்கள். 5 வருடத்துக்கு ஒரு தடவை அழுத்தச் சோதனை, வருடத்துக்கு ஒரு தடவை உள்பக்கம் பார்ப்பது என்பது பரவலான வழக்கம். தேதி பழசு என்றால் வேறு கேளுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கேஜில் 200 பார் இருக்கிறதா என்று படகு ஏறுமுன் நீங்களே பாருங்கள். "3000 லிட்டர்" என்று நான் போட்ட கணக்கு 170 பாருக்கு நிரப்பின டேங்கில் 2550 ஆகிவிடும். பெரிய டேங்குக்குக் காசு கொடுத்ததில் பாதிக்கு மேல் போச்சு.

அப்புறம் லீவு. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே, பல டைவ் அடித்தவர்களுக்குக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேணும். திங்கட்கிழமை காலை ஆபீஸ் என்றால் சனிக்கிழமையோடு டைவிங்கை நிறுத்திவிட்டு ரயிலில் கொழும்பு வாருங்கள். நான் அந்தப் பையன்களின் பட்ஜெட்டில் அடித்த வரியைத் திரும்ப எழுதி, பக்கத்தில் நான்கு பேரில் யார் யாருக்கு என்று பேரும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.