சாரல் காலத்து விருந்தினர்

ஜூன் பிறந்து மலைமேல் முகில் கூடத் தொடங்கிவிட்டால், தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், வடகரை வட்டாரத்து வீடுகளில் கைபேசி ஓய்வதில்லை. "குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா?" என்பது முதற்கேள்வி. "அப்படியானால் வெள்ளிக்கிழமை புறப்பட்டு வருகிறோம்" என்பது அடுத்த செய்தி. எத்தனை பேர், எத்தனை நாள் என்பது பெரும்பாலும் அவர்கள் வந்திறங்கிய பிறகே தெரியவரும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும் இம்மாதங்கள் பிற ஊராருக்கு உல்லாசக் காலம். இங்குள்ளோருக்கோ பள்ளியும் கடையும் அலுவலகமும் வழக்கம்போல் நடக்கும் நாள்கள்.

விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு சேர்ந்தது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை அறியாதார் நம்மில் இல்லை. விருந்து மூன்று நாள்கள் என்பதும், அதற்கு மேற்பட்டது தர்மம் என்பதும், வீட்டாரைச் சங்கடத்துக்கு உள்ளாக்கும் அளவுக்கு ஒருவர் தங்கியிருப்பது ஆகாது என்பதும் அதே ஹதீஸ் நூல்களில்தான் உள்ளன. வீட்டாருக்குரிய பகுதியை உரக்கச் சொல்லும் நாம், விருந்தினருக்குரிய பகுதியைத் தணிந்த குரலில் சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

இதன் சுமை யார்மீது விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டில் பத்துப் பேர் வந்து தங்குகின்றனர். கூடம் ஆண்களுக்கு என்றாகிவிடுவதால், மஹ்ரம் அல்லாதோர் முன் வர இயலாத வீட்டுப் பெண்களுக்கு அடுக்களையும் பின்கட்டுமே எஞ்சுகின்றன. பரீட்சைக்குப் படிக்கும் மகளின் அறையில் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்து வந்தோரின் ஈரத்துணி மலையாகக் குவிகிறது. சாரலிலோ எந்தத் துணியும் உலர்வதில்லை. ஃபஜ்ருக்கு ஒளூச் செய்யக் குளியலறை வாசலில் வரிசை நிற்கிறது. நள்ளிரவில் பார்டர் கடைப் புரோட்டா உண்டு திரும்பியவர்கள் காலையில் தாமதமாக எழுவார்கள்; அவர்களுக்காக இரண்டாம் முறை அடுப்பு மூட்ட வேண்டும். இத்தனைக்கும் அழைப்பை ஏற்றவர் கணவர். "தாராளமாக வாருங்கள்" என்று அவர் சொன்னபோது மனைவியிடம் ஒரு சொல் கேட்டிருக்கமாட்டார்.

இவ்விடத்தில், மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் அன்ஸாரித் தோழரின் நிகழ்ச்சியை அதன் தொடக்கத்திலிருந்து நினைவுகூர வேண்டும். பசியோடு வந்த ஒருவருக்காக நபி (ஸல்) அவர்கள் முதலில் தம் மனைவியரிடம் ஆளனுப்பிக் கேட்டார்கள். தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை என்று பதில் வந்தது. அதன் பிறகே, இவரை விருந்தினராக ஏற்பவர் யார் என்று தோழர்களிடம் கேட்டார்கள். நபியின் இல்லத்திலிருந்தே "இல்லை" என்ற விடை வந்தது. அதில் எவரும் குறை காணவில்லை. விருந்தினரை அழைத்துச் சென்ற தோழரும் தம் மனைவியிடம் சொல்லி, அவரோடு சேர்ந்தே காரியத்தைச் செய்தார். பிள்ளைகளுக்கான உணவை எடுத்துவைத்ததும், திரி சரிசெய்வதுபோல் எழுந்து விளக்கை அணைத்ததும் அந்தப் பெண்மணி. மறுநாள் கிடைத்த பாராட்டும் இருவருக்கும் உரியதாகவே இருந்தது. நாமோ பாராட்டைக் கணவருக்கும் பாத்திரத்தை மனைவிக்கும் பங்கிட்டு வைத்திருக்கிறோம்.

உண்டு முடித்த பின்னும் பேச்சில் மூழ்கி அமர்ந்திருந்தோர் நபியவர்களுக்குத் தொல்லையானார்கள் என்றும், அதைச் சொல்ல அவர்கள் வெட்கப்பட்டார்கள் என்றும் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் கூறுகிறது. அவர்களே வெட்கப்பட்டார்கள் எனில், நம் வீட்டு மருமகள் எப்படி வாய்திறப்பாள்?

குற்றாலத்து விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்றவர் ரசிகமணி டி.கே.சி. 1954இல் மறையும் வரை அவரைத் தேடி இங்கு வந்தோரில் ராஜாஜியும் கல்கியும் உண்டு. அது கடிதம் எழுதி நாள் குறித்துக்கொண்ட காலம். இன்று கைபேசி இருக்கிறது. செய்தியோ செங்கோட்டை ரயில் நிலையத்திலிருந்து வருகிறது! முன்கூட்டிச் சொன்னால் ஜமாஅத்துக்குள்ளேயே வழி உண்டு. ஒரு வீட்டில் உணவு, அடுத்த வீட்டு மாடியில் உறக்கம் என்று பகிர்ந்துகொள்ளலாம். வந்தவரைப் பல வீடுகளுக்கும் பிரித்தனுப்புவது மதீனாவின் வழக்கந்தானே.

விருந்தளிப்போரிடமும் குறை உண்டு. மூன்று வேளையும் இறைச்சி இல்லாவிட்டால் கௌரவம் போய்விடும் என்று கடன் வாங்கிச் சமைக்கிறார்கள். இயல்புக்கு மீறிச் சிரமப்படுத்திக்கொள்வதை நபித்தோழர்கள் விரும்பவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று, அருவியைப் பற்றியது. பாய்மரப் படகையே வீடாக்கிக் கடலில் வாழ்வோர், பார்க்க வரும் நண்பர்களிடம், "நாளைக் குறியுங்கள் அல்லது இடத்தைக் குறியுங்கள், இரண்டையும் கேட்காதீர்கள்" என்பார்களாம். காற்று எவர் விடுமுறையையும் பார்த்து வீசுவதில்லை அல்லவா? சாரலும் அத்தகையதே. நீர் பெருகினால் குளிக்கத் தடை வரும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், தெரிந்த வழி ஏதும் இல்லையா?" என்று விருந்தினர் நச்சரிப்பார்கள். மனம் நோகுமே என்று வீட்டார் உடன் செல்லவும் கூடும். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. விருந்தினரின் பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அங்கே "வேண்டாம்" என்று மறுப்பதும் உபசரிப்பில் அடக்கம்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டார், நாள் குறிக்கும்போதே மூன்றைச் சொல்லிவிடுகிறார்கள்: ஆறு பேருக்கு இடம், இரண்டு இரவு, அருவிக்கு உத்தரவாதம் இல்லை. முதல் ஆண்டில் உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களே ஆறு பேராக வந்து, இரண்டு இரவு தங்கி, போகும்போது கூடத்தைப் பெருக்கிவிட்டுப் போனார்கள்.