கார்புரேட்டரைத் திட்டாதீர்கள்!

பழைய வண்டி நடுரோட்டில் நின்றால் முதல் பழி கார்புரேட்டருக்குத்தான். "கார்புரேட்டர்ல அடைப்பு ஸார், கழட்டிச் சுத்தம் பண்ணிட்டா போதும்" என்பார்கள். அது பாவம், இன்ஜினின் உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கிறது. நாலு நட்டைத் திருகினால் கையோடு வந்துவிடும். கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பவனுக்குத்தான் திட்டு விழும். ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படிக் கைக்கு எட்டியவனைப் பிடித்து உதைப்பது எவ்வளவு செலவு வைக்கும் வியாதி என்பதை 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில், டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு கராஜில், நாலு சாயங்காலம் நின்று வேடிக்கை பார்த்ததில் தெரிந்துகொண்டேன். வேடிக்கை பார்ப்பது பி.காம். படித்தவனுக்குக் கைவந்த கலை.

வண்டி, ஒரு மஸில் கார். அதென்ன மஸில் கார்? தமிழில் 'புஜபல வண்டி' என்று வைத்துக்கொள்ளலாம். 1964-ல் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நடுத்தர சைஸ் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது. பான்டியாக் பிரிவு ஆசாமிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். டெம்பெஸ்ட் என்ற நடுத்தர காரில் 389 கன அங்குல இன்ஜினைத் தூக்கி வைத்து, "இது புது மாடல் இல்லை. வேண்டுகிறவர்கள் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் 'ஆப்ஷன்' மட்டும்தான்" என்றார்கள். சட்டத்தில் ஓட்டை எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு ஜி.டி.ஓ. என்று பெயர். ஐயாயிரம் விற்றால் அதிகம் என்று நினைத்தார்கள். முதல் வருஷமே 32,450 விற்றது. வாங்கியதில் பெரும்பாலும் இளவட்டங்கள்.

389 கன அங்குலம் என்றால் 6.4 லிட்டர். நம் அம்பாஸடரின் பழைய இன்ஜின் 1,489 ஸி.ஸி. நாலு அம்பாஸடரை ஒரே பானெட்டுக்குள் திணித்தால்கூட இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும்!

இந்தக் கூத்து பத்து வருஷம்கூடத் தாங்கவில்லை. இன்ஷ்யூரன்ஸ்காரர்கள் பிரீமியத்தை ஏற்றினார்கள். புகைக் கட்டுப்பாடு வந்தது. 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் இன்ஜின்களின் கம்ப்ரெஷனைக் குறைத்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கியபோது கதை முடிந்தது. மிஞ்சிய வண்டிகள் இன்று அங்கே குலதெய்வம்.

* * *

என் பெரியப்பா மகன் டெட்ராய்ட்டில் ஒரு கார் கம்பெனியில் இருக்கிறான். இன்ஜின் எப்போது எவ்வளவு பெட்ரோல் குடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதுகிற வேலை. டாக்டர் பட்டம் வேறு. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், 74 வயது. கார் ஃபாக்டரியில் அசெம்பிளி லைனில் நின்று ரிடையரானவர். அண்ணனை அவர் கூப்பிடுவதே "டாக்டர்" என்றுதான். அதில் கொஞ்சம் மரியாதை, நிறைய கிண்டல்.

1970-ல், 22 வயசில், சேர்த்த காசையெல்லாம் போட்டு அவர் வாங்கிய செவர்லே ஷெவெல் இன்னும் அவரிடமே இருக்கிறது. 350 கன அங்குலம், 5.7 லிட்டர், வி-எட்டு. இன்ஜினை இறக்கி, ரீபோர் பண்ணி, பிஸ்டன், ரிங், பேரிங், காம் ஷாஃப்ட் எல்லாம் புதுசு போட்டு, இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்கிறார்.

"இனிமே இன்னொரு தடவை இறக்கி ஏத்த என் தோள்பட்டைக்குத் தெம்பு கிடையாது. இதுதான் கடைசி. போனா போனதுதான்" என்றார்.

போகுமா? போகும். அதுவும் முதல் இருபது நிமிஷத்திலேயே. அதைத்தான் நான் அன்றுவரை அறிந்திருக்கவில்லை.

அந்தக் கால இன்ஜினில் காம் ஷாஃப்ட்டின் முட்டை வடிவ மேடு, தட்டையான அடிப்பாகம் கொண்ட லிஃப்டர் மேல் நேரடியாக உரசிக்கொண்டு ஓடும். புது காம், புது லிஃப்டர் என்றால் இரண்டும் முதலில் ஒன்றோடொன்று பழக வேண்டும், கல்யாணமான புதுசு மாதிரி. அந்த இடத்துக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் சுற்றும்போது தெறிப்பதில்தான் கிடைக்கும். மெதுவாக ஐட்லிங்கில் விட்டால் தெறிப்பு போதாது. ஆகவே ஸ்டார்ட் ஆனதும் நேராக 2,000 சுற்றுக்கு மேலே ஏற்றி, இருபது நிமிஷம் இறக்காமல் ஓட்ட வேண்டும். தவறினால் மேடு தேய்ந்து, இரும்புத் தூள் எண்ணெயில் கலந்து புது பேரிங்குகளையெல்லாம் தின்றுவிடும்.

எண்ணெயும் சாதாரண எண்ணெய் உதவாது. துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கலவைதான் இந்த உரசலைத் தாங்கும். பாஸ்பரஸ், புகைக் குழாயில் இருக்கும் காடலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது என்று இக்கால எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். அதனால் இந்த முதல் ஓட்டத்துக்கென்றே தனி எண்ணெய் விற்கிறார்கள். பெரியவர் அதை ஊற்றி, டிஸ்ட்ரிப்யூட்டர் இருக்கும் ஓட்டை வழியாக ஒரு தண்டை விட்டு, ட்ரில் மிஷினால் ஆயில் பம்ப்பைச் சுற்றி, மேலே ராக்கர் வரை எண்ணெய் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேசவே ஆரம்பித்தார். பிறகு டிஸ்ட்ரிப்யூட்டரைத் திரும்பப் பூட்டும் பொறுப்பை டாக்டரிடம் கொடுத்தார்.

இன்னொரு சிக்கல். காமில் தடவிய பசை, ஸெல்ஃப் அடிக்க அடிக்க வழிந்து போய்விடும். ஆக, சாவியைப் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆக வேண்டும். "பரீட்சை ஒரே ஒரு தடவைதான், அட்டெம்ப்ட் கிடையாது" என்றான் அண்ணன்.

சாவியைத் திருப்பினார். "டொப்!" கார்புரேட்டர் வாயிலிருந்து ஒரு சாண் நெருப்பு. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

"கார்புரேட்டர்தான்!" என்றான் டாக்டர் பட்டம் வாங்கியவன்.

பெரியவர் பதில் சொல்லாமல் சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். முதல் ஸிலிண்டர் ப்ளக்கைக் கழற்றி, அண்ணனின் கட்டைவிரலைப் பிடித்து ஓட்டையில் வைத்து அழுத்தினார். முன்பக்கம் போய் ஸ்பேனரால் கிராங்க்கைக் கையாலேயே சுற்றினார். "எப்ப காத்து விரலைத் தள்ளுதோ, அப்ப சொல்லு."

விஷயம் இதுதான். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வருகிறது. ஒரு தடவை காற்றையும் பெட்ரோலையும் அழுத்திக்கொண்டு, இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளிக்கொண்டு. முன்னால் இருக்கும் டைமிங் குறி இரண்டு தடவையும் 'பூஜ்யம்' என்றே காட்டும். பொறி முதல் உச்சியில் வர வேண்டும். அண்ணன் குறியை மட்டும் நம்பி இரண்டாவது உச்சியில் டிஸ்ட்ரிப்யூட்டரைப் பூட்டியிருந்தான். சரியாக அரைச் சுற்று தள்ளி! வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பொறி வந்தால் நெருப்பு வந்த வழியே திரும்பாமல் என்ன செய்யும்?

"உங்க புது காரில் இதைக் கண்டுபிடிக்க காம் ஷாஃப்ட்டில் ஒரு ஸென்ஸார் வெச்சிருக்கீங்களே டாக்டர், இதுக்கு அந்த ஸென்ஸார் இதுதான்" என்று அண்ணனின் கட்டைவிரலைக் காட்டினார்.

டிஸ்ட்ரிப்யூட்டரைத் தூக்கித் திருப்பி வைத்தார். சாவி. கராஜ் கூரை பறந்துவிடும்போல ஓர் உறுமல்! இருபது நிமிஷம் நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அண்ணன் ரேடியேட்டர் வெப்பத்தைப் பார்த்தான், பெரியவர் ஆயில் பிரஷர் முள்ளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முடிந்ததும் எண்ணெயை வடித்து, ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்பு மடிப்பாக டார்ச் அடித்துத் தேடினார். மினுமினுப்பு இல்லை. அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

* * *

இரண்டாம் நாள் புதுத் தலைவலி. வண்டி ஓடுகிறது, ஆனால் ஐட்லிங்கில் குலுங்குகிறது. சிக்னலில் நின்றால் அணைகிறது. அண்ணன் அதற்குள் செல்போனில் புதுக் கார்புரேட்டருக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் ஒரு குயர் நோட்டை எடுத்தார். மூன்று பத்தி: என்ன மாற்றினேன், எவ்வளவு மாற்றினேன், முள் என்ன சொன்னது. அடடா, எனக்குத் தாய்வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது! ட்ரயல் பாலன்ஸ் டேலி ஆகாதபோது என்ன செய்வோம்? இஷ்டத்துக்கு நாலு என்ட்ரியை மாற்றினால் ஜென்மத்துக்கும் டேலி ஆகாது. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். இன்ஜினும் அதேதான். இரண்டு ஸ்க்ரூவை ஒரே நேரத்தில் திருகி, வண்டி தேறிவிட்டால் எது தேற்றியது என்று தெரியாது. கெட்டுப் போனால் எது கெடுத்தது என்றும் தெரியாது.

வாக்குவம் கேஜை மாட்டினார். நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டி, முள் ஆடாமல் நிற்க வேண்டும். முள் துடித்தால் வால்வில் கோளாறு. ஆடாமல் கீழே நின்றால் டைமிங் பிந்தியிருக்கிறது, இல்லை எங்கோ காற்று இழுக்கிறது. இங்கே முள் 13-ல் அசையாமல் நின்றது.

முதலில் டைமிங். பெட்ரோல் ஒரே கணத்தில் எரிந்துவிடாது. எரிய நேரம் வேண்டும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னாலேயே பற்ற வைக்க வேண்டும். வேகம் கூடக் கூட, இன்னும் முன்னால். அளவுக்கு மீறி முன்னால் போனால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி நாக்கிங் சத்தம். பிஸ்டனே ஓட்டையாகிவிடும். பெரியவர் டிஸ்ட்ரிப்யூட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட் அடித்துப் பார்த்து, ஐட்லிங்கில் 12 டிகிரி, 3,000 சுற்றில் மொத்தம் 36 டிகிரி என்று நிறுத்தினார். முள் 15-க்கு ஏறியது. நோட்டில் எழுதினார். இன்னும் போதாது.

அடுத்தது, காற்று இழுக்கிறதா? துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிப்போமே, அந்த மாதிரி ஒரு பாட்டிலால் இன்டேக் மானிஃபோல்ட் ஓரமாகப் பீச்சிக்கொண்டே வந்தார். இடது பக்கம் பின் மூலையில் தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் ஒரு கணம் மாறியது. அகப்பட்டான் திருடன்! லேத் பட்டறையில் ஸிலிண்டர் ஹெட்டைச் சமமாக்கச் சீவியிருக்கிறார்கள். 'வி' வடிவத்தின் இரண்டு ஹெட்டும் தாழ்ந்தால், நடுவில் உட்காரும் மானிஃபோல்ட் சரியாகப் பொருந்துமா? அதையும் கொஞ்சம் சீவியிருக்க வேண்டும். பட்டறை அதைச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. கணக்கில் வராத காற்று. எங்கள் பாஷையில் ஸஸ்பென்ஸ் அக்கவுன்ட்!

மூன்றாம் நாள் மானிஃபோல்டைக் கழற்றிக் கனமான காஸ்கெட் போட்டார். முள் 18. அப்போதுதான், மூன்று நாளில் முதல்முறையாக, கார்புரேட்டர் மேல் கை வைத்தார். இரண்டு மிக்ஸர் ஸ்க்ரூ, மாறி மாறிக் கால் திருகு. ஐந்தே நிமிஷம். முள் 19.

அண்ணன் செல்போனைச் சத்தமில்லாமல் பையில் வைத்தான்.

நாலாம் நாள், மேட்டில் அழுத்தினால் லேசாக மிஸ்ஸிங். பெரியவர் சிரித்தார். "1-8-4-3-6-5-7-2" என்றார். யாருடைய டெலிபோன் நம்பரோ என்று நினைத்தேன். செவர்லே வி-எட்டில் எட்டு ஸிலிண்டரும் பற்றும் வரிசையாம். பாருங்கள், 5-ம் 7-ம் அடுத்தடுத்துப் பற்றுகின்றன. இன்ஜினிலும் அவை ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டின் ப்ளக் ஒயரும் ஒட்டிக்கொண்டு நீளமாகப் போனால், 5-க்குப் போகிற மின்சாரம் 7-ன் ஒயரையும் சீண்டிவிடும். அங்கே பொறி வேளைக்கு முன்பே வந்துவிடும். இரண்டு ஒயரையும் பிரித்து நடுவில் ஒரு ப்ளாஸ்டிக் க்ளிப். மிஸ்ஸிங் போயே போச்சு. சில சண்டைகளுக்குத் தனிக்குடித்தனம்தான் மருந்து.

* * *

டெட்ராய்ட்டில் வுட்வர்ட் அவென்யூ என்று ஒரு சாலை. 1995-ல் ஆரம்பித்து, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதில் பழைய கார்களின் ஊர்வலம். நம் ஊர்த் தேர்த் திருவிழா கெட்டது போங்கள். ஓரத்தில் நாற்காலி போட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஷெவெலில் பெரியவர் ஸ்டியரிங்கில், அண்ணன் பக்கத்தில், நான் பின்னால். சிக்னலில் நின்றது. அணையவில்லை. பெரியவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 22 வயசு முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக ஒரு வண்டி பானெட்டைத் திறந்தபடி நின்றது. சுற்றிலும் ஐந்து பேர். ஐந்து பேரும் கார்புரேட்டரைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் ஓரம் கட்டினார். அண்ணன் இறங்கிப் போய் ரொம்பப் பணிவாகக் கேட்டான்:

"கடைசியா எதை ஸார் மாத்தினீங்க?"

"டிஸ்ட்ரிப்யூட்டர்தான், நேத்து ராத்திரி…"

அண்ணன் கைக்குட்டையை எடுத்துக் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டான்.