விறகுக் கணக்கும் சிலிண்டர் கணக்கும்

கொல்கத்தாவில் குடியிருந்துகொண்டு வங்கதேசத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது கஷ்டம். டீக்கடை, ஆபீஸ் கான்டீன், லிஃப்ட் வாசல் என்று எங்கே நின்றாலும் அந்தப் பேச்சு வந்துவிடும். அதிலும் ரோஹிங்யா என்ற சொல் காதில் விழுந்தால் போதும், ஆளுக்கொரு கருத்து ரெடி. "உலக நாடுகள் எல்லாம் பணத்தைக் கொட்டுகின்றன. அவர்களுக்கென்ன, காஸ் சிலிண்டர்கூட ஓசி" என்றார் எங்கள் சீனியர் ஒருவர். எல்லாரும் அவரைத் தாதா என்றுதான் கூப்பிடுவோம். (நம்ம ஊர் தாதா இல்லை சாமி, பெங்காலியில் அண்ணன்.)

தாதா சொன்ன அந்த ஓசி சிலிண்டரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எனக்குப் பிழைப்பு காஸ்ட் அக்கவுண்டிங். எந்தச் செலவைப் பார்த்தாலும், இதைச் செய்யாமல் விட்டால் வேறு எங்கே செலவு முளைக்கும் என்று தேடிப் பார்ப்பது பழக்கதோஷம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்டில் மியான்மர் ராணுவம் ரக்கைன் மாநிலத்தில் வெறியாட்டம் ஆடியது. சில மாதங்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் எல்லை தாண்டி வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்துக்குள் வந்தார்கள். 1978லும் 1991-92லும் இதேபோல் வந்தவர்களில் திரும்பாமல் தங்கியவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். இன்று உக்கியா, டெக்னாஃப் என்ற இரண்டு உபஜில்லாக்களில் 33 முகாம்கள், பத்து லட்சத்துக்கு மேல் ஜனம். 2024 தொடங்கி ஒன்றரை வருஷத்தில் மட்டும் புதிதாக ஒன்றரை லட்சம் பேர் வந்ததாக ஐ.நா. அகதிகள் அமைப்பு 2025 ஜூலையில் சொன்னது.

முகாம் போட்ட இடம் வெட்டவெளி இல்லை, காடு. யானை நடமாடும் குன்றுக் காடு. குடிசை போட ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு போனது. அதற்கு மேல் அடுப்பு. ஏழு லட்சம் பேருக்குத் தினமும் சோறு பொங்க வேண்டுமே! அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொடுத்தவர்கள் எரிக்க எதுவும் கொடுக்கவில்லை. பச்சை அரிசியை மெல்ல முடியுமா? மரத்தை வெட்டினார்கள். வெட்டி முடித்ததும் வேரைத் தோண்டினார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 700 டன் விறகு, அதாவது நாலு கால்பந்து மைதானம் அளவு காடு, அடுப்புக்குள் போனதாக அப்போது மதிப்பிட்டார்கள்.

வேர் போனால் குன்றில் மண் நிற்காது. மழைக்காலம் வந்தால் நிலச்சரிவு. அந்த மாவட்டத்தில் மழையும் சாதாரண மழை இல்லை, கூடவே வங்கக்கடல் புயல் வேறு. இன்னொரு பக்கம் யானை. வழி அடைபட்ட யானைகள் முகாமுக்குள் புகுந்து, முதல் சில மாதங்களிலேயே பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். விறகு பொறுக்கப் போன பெண்களும் சிறுமிகளும் காட்டுக்குள் பட்ட பாடு தனிக்கதை.

2018ல்தான் சிலிண்டர் வந்தது. ஐ.நா.வின் அகதிகள் அமைப்பு, புலம்பெயர்வு அமைப்பு, உலக உணவுத் திட்டம், உணவு வேளாண் அமைப்பு எல்லாரும் சேர்ந்து குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, ஒரு சிலிண்டர் என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். கூடவே மொட்டைக் குன்றுகளில் வெட்டிவேர் நட்டார்கள், நாட்டு மரக்கன்றுகள் வைத்தார்கள். தண்ணீர் இறைக்க சூரிய மின்சார பம்ப் போட்டார்கள். யானை வந்தால் எச்சரிக்க, காவல் கோபுரத்தோடு அகதிகளிலிருந்தே தொண்டர் குழு அமைத்தார்கள். விறகுத் தேவை சடாரென்று இறங்கியது. சிவப்பாகக் கிடந்த குன்றுகளில் மறுபடி பச்சை தெரிய ஆரம்பித்தது.

"அதுவும் பெட்ரோலியம்தானே, இதில் என்ன பருவநிலை நடவடிக்கை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எதற்குப் பதில் எது என்று பார்க்க வேண்டும். திரும்ப முளைக்க விடாமல் வேரோடு எரிக்கப்படும் காட்டுக்குப் பதிலாக சிலிண்டர் என்றால், மிச்சமாவது காடு, மண், நீர், கூடவே மனித உயிர். உலக வெப்பத்தில் வங்கதேசத்தின் பங்கு கொசுறு; வெள்ளமும் புயலும் மட்டும் முழு அளவு. அந்த நாட்டுக்குக் குன்றில் நிற்கும் ஒரு மரம் நிலச்சரிவுக் காப்பீடு மாதிரி.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்த சிலிண்டர் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது? நிவாரணம். நிவாரணம் என்றால் வருஷா வருஷம் கையேந்த வேண்டும். 2025க்குக் கேட்ட தொகை 93 கோடியே 45 லட்சம் டாலர். எந்த வருஷமும் கேட்டது முழுசாக வந்ததில்லை. 2024ல் வந்ததில் பாதிக்கு மேல் அமெரிக்கா ஒன்றே கொடுத்தது. 2025ல் அமெரிக்கா யுஎஸ்எய்டையே இழுத்து மூடியது. பிரிட்டன் 2021லேயே தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த உதவியை 0.5 ஆக்கியது, 2027ல் 0.3 ஆக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அந்த ஜூலையில் அகதிகள் அமைப்பு வெளிப்படையாகவே சொன்னது: பணம் வராவிட்டால் செப்டம்பருக்குள் காஸ் தீர்ந்துவிடும், டிசம்பருக்குள் சாப்பாடும் நின்றுவிடும் என்று. செப்டம்பர் கடைசியில் நியூயார்க்கில் கூட்டம் போட்டு, அமெரிக்கா 6 கோடி டாலர், பிரிட்டன் 3.6 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். மூச்சு வந்தது. ஆனால் வருஷா வருஷம் இப்படி வென்டிலேட்டரில் வைத்தா ஒரு காட்டை வளர்ப்பது?

காடு வளர இருபது வருஷம் வேண்டும். அதை எரிக்க ஒரு சீசன் போதும். சிலிண்டர் மூன்று மாதம் நின்றால் ஏழெட்டு வருஷத்து நடவு அடுப்புக்குள் போய்விடும். அதாவது நிவாரணத் தலைப்பில் மிச்சம் பிடித்த பணம், பருவநிலைத் தலைப்பில் பத்து மடங்கு நஷ்டமாக வரும். எந்தக் கம்பெனியிலாவது இப்படி எழுதிக்கொண்டு போனால் மேனேஜர் என்னைக் கேள்வி கேட்க மாட்டாரா?

இன்னொரு கணக்கு வித்தையும் உண்டு. பணக்கார நாடுகள் தங்கள் மண்ணுக்கு வந்த அகதிகளுக்கு முதல் ஒரு வருஷம் செய்யும் செலவையும் வெளிநாட்டு உதவி என்றே எழுதிக்கொள்ளலாம். விதி அனுமதிக்கிறது. உக்ரைன் போர் தொடங்கிய 2022ல் மொத்த உதவித் தொகையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இப்படிச் சொந்த நாட்டுக்குள்ளேயே செலவானது. உக்ரைன்காரர்களுக்குக் கொடுத்தது தப்பில்லை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் உதவி கூடிவிட்டது என்று பேப்பரில் படித்தபோது, அடுத்த வருஷமே, 2023ல், காக்ஸ் பஜாரில் ஒரு ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த ரேஷன் பத்தாகி, எட்டாகிவிட்டது. எட்டு டாலர் என்றால் ஒரு நாளைக்கு இருபது ரூபாய்ச் சொச்சம். அதில் மூன்று வேளை!

உள்ளூர்க்காரர்களை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. அகதிகள் வந்ததில் டெக்னாஃப் விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் கூலி குறைந்தது, விலைவாசி ஏறியது, கிணற்றில் தண்ணீர் இறங்கியது. "அவனுக்கு காஸ், எனக்கு விறகா?" என்று அவர் கேட்டால் என்ன பதில்? அதனால்தான் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் சிலவற்றுக்கும் சிலிண்டர் கொடுத்தார்கள், முகாம் பள்ளிகளில் உள்ளூர் ஆசிரியர்களை வேலைக்கு வைத்தார்கள். 2025ல் பணம் வறண்டபோது முதலில் வேலை போனது அந்த உள்ளூர் ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. அவர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அந்தக் கோபம் எந்த நாட்டுத் தலைநகருக்கும் போய்ச் சேராது, பக்கத்துக் குடிசைக்குத்தான் போகும்.

2024ல் உலக வங்கி இரு தரப்புக்குமாக 70 கோடி டாலர் ஒதுக்கியது. நல்லது. ஆனால் அதில் ஒரு பகுதி கடன். யாரோ துரத்திய ஜனத்துக்கு இடம் கொடுத்த ஏழை நாடு, அதற்கு வட்டியும் கட்ட வேண்டுமா?

வங்கதேசம் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. வேலை செய்ய அனுமதி கிடையாது, நிலையான வீடு கட்டக்கூடாது, எல்லாம் தற்காலிகம். மூங்கிலும் தார்ப்பாயுமாக நெருக்கி அடைத்ததன் விலை 2021 மார்ச் தீ விபத்தில் தெரிந்தது, ஏறக்குறைய 45,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். கை கால் உள்ளவனை உழைக்க விடாமல் வைத்தால் ரேஷன் செலவு எந்தக் காலத்திலும் குறையாது.

தற்காலிகம் என்பதைத் தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1983ல் வந்த ஈழத்து மக்கள் நாற்பது வருஷம் கழித்தும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2021ல்தான் அவை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாறின, 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகள் கட்டுவதாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பில் காஸ் இணைப்பும் சிலிண்டருக்கு மானியமும் இருந்தன. அங்கேயும் அடுப்புதான்! அதை முதல் பத்து வருஷத்திலேயே செய்திருந்தால் ஒரு தலைமுறை தப்பியிருக்கும்.

நம் அரசும் 2018 செப்டம்பரில் முகாம்களுக்கு 11 லட்சம் லிட்டர் மண்ணெண்ணெயும் 20,000 ஸ்டவ்வும் அனுப்பியது. அகதிகள் உடன்படிக்கையில் வங்கதேசமும் கையெழுத்திடவில்லை, நாமும் இடவில்லை. ஆனாலும் அடுப்பு எரிய வேண்டும் என்பது புரிந்திருக்கிறது. ஒரு தடவை கொடுத்ததோடு நிறுத்தாமல் ஐந்து வருஷத்துக்கு என்று எழுதிக் கொடுத்தால் என்ன? காஸ் சிலிண்டரைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த அனுபவம் நம்மிடம் இருக்கிறதே.

நான் கேட்பது புதுப் பணம்கூட இல்லை. பருவநிலை மாநாடுகளில் கோடிகளை அறிவிக்கிறார்கள் அல்லவா, அதிலிருந்து இந்த சிலிண்டருக்கும் கன்றுக்கும் பம்புக்கும் பல வருஷத்துக்கான மானியமாக ஒதுக்கட்டும், கடனாக வேண்டாம். அதில் ஒரு பங்கு உள்ளூர்க்காரருக்கு என்று முதல் பக்கத்திலேயே எழுதட்டும். அகதிக்கு உழைக்க அனுமதி என்ற நிபந்தனையை டாக்காவும் ஏற்கட்டும்.

சிலிண்டர் ஓசிதான். அதற்குப் பதிலாக ஒரு குன்று நிற்கிறது, குன்றுக்குக் கீழே இரண்டு நாட்டு ஜனம் தூங்குகிறது. மலிவா இல்லையா, நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.