மேப்புக்குக் கலரடிக்கிற படிப்பு

போன மாதம் ஊரிலிருந்து பெரியமாமா வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டே என் பெண்ணிடம், "அடுத்து என்னம்மா படிக்கப் போறே?" என்றார்.

"எம்.ஏ. ஜியாகிரஃபி, தாத்தா. அப்புறம் பி.எச்டி."

மாமா என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, பேங்க் ஆஃபீசர் நீ. பொண்ணை மேப்புக்குக் கலரடிக்கவா அனுப்பப் போறே?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவள் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தம்தான் இந்தப் பதிவு.

முதலில் நம்மோடு சண்டை. நாம் குடியிருக்கும் துவாரகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பழைய பெயர் பப்பன்கலான். வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் டி.டி.ஏ. செக்டர் செக்டராகக் கோடு போட்டது. போச்சன்பூர், அம்பர்ஹாய் மாதிரிக் கிராமங்கள் அந்தக் கோடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. அவர்களுக்குக் குளங்கள் இருந்தன, இந்தப் பக்கம் ஜோஹட் என்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே நஜஃப்கர் நாலா, அது சாஹிபி என்ற ஆற்றின் மிச்சம். மே மாதம் டேங்கருக்குக் காத்திருக்கிறோம், ஜூலையில் முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளுகிறோம். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற படிப்புதான் புவியியல். கலரடிப்பதெல்லாம் கடைசி வேலை.

மாமாவுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பு நமக்கு அந்நியம் இல்லை. 1802ல் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு, ஏறக்குறைய 12 கி.மீ. அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த சர்வே அங்கேதான் ஆரம்பம். 1926ல் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் ஜியாகிரஃபிகல் அசோசியேஷன்தான் பிற்பாடு இந்தியன் ஜியாகிரஃபிகல் சொசைட்டி ஆனது. 1959ல் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் புவியியல் துறை தொடங்கியபோது அதை நடத்த வந்த ஜார்ஜ் குரியன், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். நாம் அனுப்பி வைத்த சரக்கைப் பார்த்து நாமே சிரிக்கிறோம்!

சரி, இனி அடுத்த தரப்போடு சண்டை.

எம்.ஏ.வுக்கு இடம் பார்க்க அவளோடு நானும் சில இடங்களுக்குப் போனேன். அரசு, தனியார் எல்லாம் உண்டு. பெயர்கள் வேண்டாம். "ரிசர்ச் ஃபெசிலிட்டி என்ன இருக்கு?" என்று எங்கே கேட்டாலும் ஒரே பதில். ஏ.சி. அறையைத் திறந்து, வரிசையாகக் கம்ப்யூட்டரைக் காட்டி, "ஜி.ஐ.எஸ். லேப் சார்" என்றார்கள். நானும் பக்தியோடு தலையாட்டினேன்.

மெட்ரோவில் திரும்பும்போது பெண் சொன்னாள்: "அப்பா, அந்த சாஃப்ட்வேர் மாதிரி க்யூஜிஐஎஸ்னு ஒண்ணு ஃப்ரீயாவே கிடைக்குது. என் லேப்டாப்புல இருக்கு."

விசாரித்தால் அவள் சொன்னது உண்மை. லேண்ட்சாட் சாட்டிலைட் படங்கள் 2008லிருந்து இலவசம். ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் இலவசம். ஒரு காலத்தில் கடலோர, எல்லையோர சர்வே மேப்புகளை வெளியில் தரவே மாட்டார்கள். சென்னைப் பையனுக்குத் தன் ஊர்க் கடற்கரையின் மேப் கிடைப்பதே பாடு. 2005 மேப் பாலிசியில் கதவு கொஞ்சம் திறந்தது, 2021 பிப்ரவரி விதிகளில் பெரிதாகவே திறந்தது. ஆக, மேப், படம், சாஃப்ட்வேர் மூன்றுக்கும் இப்போது பெரிய செலவு இல்லை. மீதி இருக்கும் ஒரே செலவு ஆள்தான். வெயிலில் நடந்து, கிழவர்களைப் பிடித்து, "இங்கே குளம் எங்கே இருந்தது தாதாஜி?" என்று கேட்கும் ஆள். வேறு வழியும் இல்லை. 2011க்கு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021ல் நடக்காமல் 2027க்குத் தள்ளிப்போனது. பழைய கணக்கை நம்பாமல் வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் உண்டு.

அந்த ஆளுக்கு என்ன கொடுத்தோம்? நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023லிருந்து மாதம் 37,000. நல்ல தொகை, மறுக்கவில்லை. வாங்காதவர்களுக்கு? மத்தியப் பல்கலைக்கழகங்களில் பி.எச்டி.க்கு 8,000 என்று இருந்தது. 2015 அக்டோபரில் யு.ஜி.சி. அதையும் நிறுத்துவதாகச் சொல்லி, மாணவர்கள் அதன் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து போராடித்தான் காப்பாற்றினார்கள். வகுத்துப் பார்ப்பது என் தொழில் வியாதி: ஒரு நாளைக்கு 267 ரூபாய்கூட வரவில்லை. அன்றைய டெல்லியில் குறைந்தபட்சக் கூலியே அதைவிட அதிகம். இதில் வாடகை, சாப்பாடு, ஃபீல்டுக்குப் போக பஸ் சார்ஜ் எல்லாம் அடக்கம். மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அந்தத் திட்டமும் கிடையாது.

கம்ப்யூட்டருக்கு ஏ.சி., ஆளுக்கு 267 ரூபாய். இதற்குப் பெயர் ஃபெசிலிட்டியா?

"வேலை கிடைக்குமா?" என்பீர்கள். டவுன் பிளானிங், பேரிடர் மேலாண்மை, மேப்பிங் கம்பெனிகள், டீச்சிங், சிவில் சர்வீஸ் என்று வழிகள் இருக்கின்றன. சுலபமாகக் கிடைக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சினியரிங் லோன் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் :-)

உங்கள் வீட்டிலும் யாராவது இந்தப் படிப்புக்கு ஆசைப்பட்டால் சிரிக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். லேபில் எத்தனை கம்ப்யூட்டர் என்று கேட்காதீர்கள். வருடத்துக்கு எத்தனை நாள் ஃபீல்டு, அந்தச் செலவு யாருடையது, நூலகம் சாயங்காலம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், போன பி.எச்டி. மாணவர் எத்தனை வருடத்தில் முடித்தார், இதையெல்லாம் கேளுங்கள். நாலு பெற்றோர் இப்படிக் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு வேறு பதில் கிடைக்கும்.

நேற்று மாமாவுக்குப் போன் போட்டேன். "அவ ஜியாகிரஃபிதான் படிக்கப் போறா மாமா. நம்ம செக்டர்ல மழைத்தண்ணி எங்கே போகுதுன்னு கண்டுபிடிக்கப் போறாளாம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நம்ம ஊர் ஏரி வாய்க்காலும் எங்கேயோ போயிடுச்சுடா. வரும்போது அவளைப் பார்க்கச் சொல்லு" என்றார்.

பெண்ணிடம் சொன்னேன். டைரியில் குறித்துக்கொண்டாள்.