வேங்கையைப் படித்தோம், மரத்தைத் தொட்டோமா?

தமிழ்ப்பள்ளியில் உளியும் இழைப்புளியும் எதற்கு என்று கேட்போர் நம்மிடையே இன்னும் உளர். கேட்பவர் பெற்றோர் மட்டுமாயின் பொறுத்துக்கொள்ளலாம், மொழியாசிரியர்களே கேட்கின்றனர். படிப்பு ஏறாத பிள்ளைக்குத்தான் மரவேலை என்பது அவர்தம் முடிந்த முடிபு. அம்முடிபு கல்விக்குப் பகை. தமிழுக்கும் பகை என்பேன்.

தமிழுக்குப் பகையாவது எங்ஙனம்? குறுந்தொகையின் 47ஆம் பாட்டில் வேங்கைப்பூ உதிர்ந்த பாறை புலிக்குட்டிபோலத் தோன்றுகிறது. நாம் பதவுரை கூறி, உவமையை விளக்கி, அடுத்த பாட்டிற்குச் சென்றுவிடுகிறோம். மலேசிய நகரங்களின் சாலையோரத்தில் நிழல்தரும் அங்சானா அவ்வேங்கையின் பேரினத்தைச் சேர்ந்தது. பூக்கும் நாளில் அதுவும் தன் அடியில் மஞ்சள் விரிக்கிறது. இவ்வுறவை எத்தனை மாணவர்க்குக் காட்டினோம்? அகக்காழ் உடையது மரம், புறக்காழ் உடையது புல் என்னும் தொல்காப்பியப் பாகுபாட்டை ஒப்புவிக்கும் மாணவன், அறுத்த அங்சானாக் கட்டையில் வெளிறு எது, வைரம் எது என்று விரல்வைத்துக் காட்டுவானா?

இனிக் கல்விக்கு வருவோம். அங்சானாவின் வைரம் பொன்மஞ்சள் முதல் செந்நிறம் வரை மரத்துக்கு மரம் வேறுபடும். அதன் சீவலை நீரில் ஊறவைத்து வெயிலில் பிடித்தால் நீலம் ஒளிரும். சிவந்த துண்டை வெளிறிய ரப்பர்ப் பலகையோடு ஒட்டி உப்புத்தாளால் தேய்த்தால், செந்தூள் பலகையின் நுண்துளைகளில் புகுந்து கறைப்படுத்தும். இவ்வினத்துச் செஞ்சாயம் நீரைவிடச் சாராயத்தில் எளிதாகக் கரைவது. சாராயம் சேர்ந்த மெருகைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் கறை மேலும் பரவும். ஆதலின் தூளை முதலில் உறிஞ்சியோ தூரிகையால் தட்டியோ நீக்க வேண்டும். பலகையின் ஒரு பாதியைத் தாளால் மூடிச் சன்னலருகே வைத்தால், திறந்த பாதியின் சிவப்பு சில திங்களில் பழுப்பாகும். இவை அறிவியலல்லவா? காரணம் கேட்கும் மனப்பழக்கம் இதனினும் எளிதாக எங்கே வாய்க்கும்?

தேர்வு நெருங்குகிறது, நேரமில்லை என்றனர். ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது, சாக்கு நீங்கவில்லை. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று ஒரு பாடமே உள்ளது. அதனைச் செய்முறையின்றிப் படக்காட்சியாக முடித்துவிடுவது யார் குற்றம்? ஆபத்து என்கின்றனர். மரத்தூள் மூச்சையும் தோலையும் வருத்தும் என்பது மெய். முகக்கவசமும் காற்றோட்டமும் ஆசிரியரின் கண்காணிப்பும் அதற்கு விடை. மரத்துக்கு எங்கே போவது என்கின்றனர். இயற்கைக் காடுகளில் அங்சானா அருகிவரும் இனம். நிற்கும் மரத்தில் கைவைக்க வேண்டா. சாலையோரத்தில் கழிக்கப்படும் கிளைகளை ஊராட்சி மன்றத்திடம் கேட்டுப் பெறலாம். வெட்டுமுனைகளுக்குச் சாயம் பூசி நிழலில் உலர்த்தினால் வெடிப்பு குறையும். ஓரங்குலப் பலகை உலர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். பொறுமையும் ஒரு பாடமே.

ரப்பர்ப் பலகையை இங்குக் காரணத்தோடுதான் சேர்த்தேன். செமோர் வட்டாரத்தில் நம் பாட்டன் பாட்டியர் வைகறையில் சீவிய மரம் அது. பால் வற்றிய மரம் 1970களில்கூடப் பெரும்பாலும் விறகாயிற்று. பின்னர்ப் பூச்சியும் பூஞ்சையும் தாக்காதவாறு மருந்தேற்றி உலர்த்தும் முறை பரவவே, அது கடல்கடந்து விற்கும் நாற்காலியாயிற்று. மரத்தை வளர்த்த கைகளின் பேரப்பிள்ளைகளுள் எத்தனை பேர் அத்தொழிலில் வினைஞராயினர், எத்தனை பேர் முதலாளியாயினர்? தச்சனைத் தாழ்த்திப் பார்க்கும் பழைய நோயைத் தோட்டத்திலிருந்து பள்ளிக்கும் கொண்டுவந்தோம்.

ஆசிரிய நண்பர்களே, கேட்பது பெரிதன்று. பள்ளிக்கு ஒரு மரவேலை மேசை. வாரத்துக்கு ஒரு மணி நேரம். வேங்கைப் பாட்டை நடத்தும் நாளில் ஒரு கட்டையை மாணவன் கையில் கொடுங்கள். அவன் அதனை முகரட்டும், சீவட்டும், பிறகு பாட்டைப் படிக்கட்டும்.