வெண்ணெய்க்குப் பின்னால் நிற்பவர்

ஊத்துக்குளி என்றவுடனே வெண்ணெயை நினைக்காதவர் தமிழ் நாட்டில் உண்டா? பனியன் நகரமாகிய திருப்பூருக்கு அருகில் இருந்தும், எருமைப் பால் வெண்ணெயால் பெயர் பெற்ற ஊர் அது. வெண்ணெயைப் புகழ்கிறோம், போனால் போகிறதென்று எருமையையும் புகழ்கிறோம். எருமையை நோய் அண்டாமல் காக்கும் மனிதரை மட்டும் மறந்து விடுகிறோம்.

அவர் மிருக வைத்தியப் பட்டம் பெற்றவரல்ல. பயிற்சி பெற்ற உதவியாளர். கால்நடை ஆய்வாளர் என்பது சர்க்கார் வைத்த பெயர். 1984-ஆம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் இத்தகையோருக்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. மாநில அரசின் அனுமதியோடு, பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில், தடுப்பூசி போடலாம், காயத்துக்குக் கட்டுக் கட்டலாம், காயடிக்கலாம், இவை போன்ற முதலுதவிகளைச் செய்யலாம். அதற்கு மேற்பட்ட வைத்தியம் டாக்டரைச் சேர்ந்தது.

"இவ்வளவுதானா?" என்று அலட்சியம் செய்ய வேண்டாம். மந்தை மந்தையாக மாடுகளை மாய்த்த வெக்கை நோய் 2011-இல் உலகை விட்டே ஒழிந்தது. ஆப்பிரிக்காவில் டாக்டர்கள் எட்ட முடியாத மேய்ச்சல் நிலங்களில், பயிற்சி பெற்ற கிராமவாசிகளே அந்த ஊசியைப் போட்டார்கள். கோமாரி இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. அது வந்தால் வாயிலும் குளம்பிலும் புண், தீனி இறங்காது, பால் வற்றும். அதற்கான மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியிலேயே வைத்து வீடு வீடாகக் கொண்டு வருவது எளிய காரியமா?

ஆயினும் அவருடைய பெருமை வேறோரிடத்தில் இருக்கிறது. நடு ராத்திரியில் எருமை கன்று ஈன முடியாமல் தவிக்கிறது. "நீங்களே இழுத்து விடுங்கள், டாக்டர் எதற்கு?" என்று வீட்டார் நெருக்குகிறார்கள். தவறாக இழுத்தால் தாயும் போகும், கன்றும் போகும். அப்பொழுது, "இது என் வேலையல்ல, டாக்டரை அழைக்கிறேன்" என்று சொல்லத் துணிகிறவரே உத்தம உதவியாளர். அவரை ஏளனம் செய்கிற வீடு, தன் தொழுவத்துக்குத் தானே தீங்கு தேடிக் கொள்கிறது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை: அழைத்தால் வந்து சேர ஒரு டாக்டர் வேண்டும். மேற்பார்வை காகிதத்தில் மட்டும் இருந்தால், எல்லையும் காகிதத்திலேயே நின்று விடும்.

தாய்மார்களே! ஊசிப் பெட்டியுடன் அவர் வாசலில் வந்து நின்றால், "கறவை குறைந்து விடும்" என்று எருமையை ஒளித்து வைக்காதீர்கள். தொழுவத்தைக் காட்டுங்கள், திரும்பும்போது ஒரு டம்ளர் மோரும் கொடுங்கள். அதில் அவருக்கும் பங்கு உண்டு!